‘வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதி அனுப்புகிறவர்களுக்கு

சேலத்தில் தலைக்காய நோயாளிகளை டிஸ்சார்ஜ் செய்யும் மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கும், அங்குள்ள மருத்துவர்களுக்கும், மாவட்டத்தின் மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும்,

டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி மூன்று வரியைப் பற்றியது இந்த மடல். அதற்கு முந்தைய பக்கங்களில் எங்களுக்குக் குறை இல்லை. விபத்து நடந்த தேதி, வந்தபோது நினைவின் அளவைக் காட்டும் ஜிசிஎஸ் எண் எத்தனை, ஸ்கேனில் ரத்தக்கட்டு எங்கே, மண்டையோட்டை எப்போது திறந்தார்கள், எத்தனை நாள் வென்டிலேட்டர் என்று எல்லாம் இருக்கிறது. அதற்குக் கீழே: “ஆர்.டி. ஃபீட் தொடரவும். டிராக்கி கேர். பிசியோ. இரண்டு வாரம் கழித்து ரெவ்யூ.” அதாவது மூக்குக் குழாய் வழியே உணவு, மூச்சுவிடக் கழுத்தில் வைத்த குழாயின் பராமரிப்பு, இயன்முறைச் சிகிச்சை, மறுபடி வந்து காட்டுவது. பிறகு கையெழுத்து. வாயால் சொல்வது இன்னும் சுருக்கம்: “இனிமே இங்க செய்ய ஒண்ணுமில்ல, வீட்ல வெச்சுப் பாத்துக்குங்க.”

எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை யாரும் சொல்வதில்லை. ஐசியூவில் மூன்று ஷிஃப்டாகப் படித்த நர்ஸ்கள் செய்த வேலையை, மறுநாள் காலையிலிருந்து ஒரு தறிக்காரரின் மனைவியும் பத்தாவது முடித்த மகனும் செய்ய வேண்டும். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த நேரம், வண்டி வந்து நிற்பதற்குள் கிடைத்த பத்து நிமிடம்.

இதை எழுதுகிற நாங்கள் சேலம் நகரத்திலும், ஓமலூர், வாழப்பாடி பக்கமும், சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் இப்படிப்பட்டவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள். வண்டியிலிருந்து விழுந்தவர்கள் உண்டு, சாரத்திலிருந்து விழுந்தவர்கள் உண்டு, மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த ஒற்றை மூங்கில் ஏணியிலிருந்து விழுந்தவர்களும் உண்டு. எங்கள் வீட்டுக் கதைகளை இங்கே விரிக்கப் போவதில்லை. எல்லா வீட்டிலும் எது தவறிப்போகிறது, ஏன் தவறுகிறது, எந்த ஒரு வரியை எழுதியிருந்தால் தவறியிருக்காது என்பதை மட்டும் எழுதுகிறோம்.

2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கிறது. அதனால் பிழைத்தவர்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அதை மறுத்தால் நன்றி கெட்டவர்களாவோம். முன்பென்றால் இறந்திருக்கக்கூடியவர்கள், இப்போது கழுத்தில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய் என்று வீடு வந்து சேர்கிறார்கள். அப்படி வந்த பிறகு என்ன என்பதற்குத்தான் தாளில் மூன்று வரி.

கழுத்துக் குழாயிலிருந்து தொடங்குகிறோம். மற்றதெல்லாம் நாள்கணக்கில் கெடுக்கும். இது அடைத்தால் நிமிடக்கணக்கில் உயிர் போகும்.

“டிராக்கி கேர்” என்று எழுதுகிறீர்கள். குழாயின் எண் என்ன என்று எழுதுவதில்லை. செவ்வாய்ப்பேட்டை மருந்துக் கடையில் போய்ச் சக்‌ஷன் கத்தீட்டர் கேட்டால், “என்ன சைஸ்?” என்று கேட்கிறார்கள். தெரியாது என்றால் கையில் இருப்பதைக் கொடுக்கிறார்கள். சளி உறிஞ்சும் கத்தீட்டரின் தடிமன், கழுத்துக் குழாயின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. குழாய் எண்ணிலிருந்து 2-ஐக் கழித்து, வந்ததை 2-ஆல் பெருக்கினால் கத்தீட்டர் எண் வரும்: 8-ஆம் எண் குழாய்க்கு 12, 7.5 என்றால் 11 வரும், அந்த அளவு கிடைக்காது, 10 வாங்க வேண்டும். இந்த ஒற்றை வரிக் கணக்கு தெரியாமல் 16 வாங்கிப் போட்ட வீடுகள் உண்டு. தடித்த கத்தீட்டர் குழாயை அடைத்துக்கொண்டு, சளியோடு நுரையீரலின் காற்றையும் உறிஞ்சிவிடுகிறது. உதடு நீலமாகும்போது, சளி அதிகமோ என்று இன்னும் ஒரு முறை உறிஞ்சுகிறார்கள்.

கத்தீட்டரை உள்ளே விடும்போது உறிஞ்சல் இருக்கக் கூடாது. வெளியே இழுக்கும்போது மட்டும்தான். மொத்தம் 10 நொடி, போனால் 15. இடையில் மூச்சு வாங்க விட வேண்டும். மெஷினின் அழுத்தம் 80 முதல் 120 மில்லிமீட்டர் பாதரசம். வலுவாக இழுத்தால் சீக்கிரம் முடியும் என்று குமிழைக் கடைசி வரை திருப்பினால் ரத்தம் வரும். ‘சளி இளகட்டும்’ என்று ஒவ்வொரு முறையும் சலைன் ஊற்றுவதும் வழக்கமாகக் கூடாது. இவ்வளவுதான் பாடம். கையைப் பிடித்து நான்கைந்து முறை செய்யவைத்தால் யாரும் கற்றுக்கொள்வார்கள். தறியில் அறுந்த இழையை ஓடுகிற ஓட்டத்தில் பிணைக்கிற விரல்களுக்கு இது பெரிய வித்தையில்லை.

குழாய்களில் இரண்டு வகை: உள்ளே கழற்றிக் கழுவக்கூடிய இன்னொரு குழாய் இருப்பது, இல்லாதது. பெரும்பாலும் ஒற்றைக் குழாயோடுதான் அனுப்புகிறீர்கள். அதில் சளி காய்ந்து கட்டினால் முழுக் குழாயையும் மாற்றினால்தான் உண்டு; வீட்டில் அது முடியாது. இரட்டைக் குழாய் என்றால் உள்குழாயை உருவிய உடனே வழி கிடைத்துவிடும். வீட்டுக்கு அனுப்புமுன் இரட்டைக் குழாயாக மாற்றி அனுப்பினால், அடைப்பு என்று நடுராத்திரியில் வண்டி தேடும் நிலை பாதி வீடுகளில் வராது. அதே எண்ணில் ஒன்றும், அதற்கு ஒரு எண் சிறியதில் ஒன்றும் தலைமாட்டில் இருக்க வேண்டும் என்பதையும் யாரும் சொல்வதில்லை.

மலைக்குப் போகிறவர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். ஏறி முடிப்பதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைகிறது. கழுத்துக் குழாயைச் சுற்றியுள்ள கஃப், அதாவது சின்னப் பலூன், கீழே ஊதியபோது சரியாக இருந்தாலும் மேலே போகப் போக விரிகிறது. மூச்சுக்குழாயின் உள்சுவரை நெரிக்கிறது. அதில் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரளவுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் நெடுநேரம் இருந்தால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் நின்று புண்ணாகும், பிறகு சுருங்கும். ரெவ்யூவுக்குக் கீழே இறங்கும்போது நேர்மாறு: பலூன் தளர்ந்து, வாயில் ஊறும் எச்சில் பக்கவாட்டில் நுரையீரலுக்குள் இறங்கும். விமானத்தில் நோயாளியைக் கொண்டுபோகிறவர்கள் இதைப் பார்க்காமல் ஏற்றுவதில்லை. ஏற்காட்டு மலைப்பாதைக்கு மட்டும் இது பொருந்தாதா? தானாக மூச்சு விடுகிறவர்களில் பலருக்கு அந்தப் பலூனை ஊதி வைக்கத் தேவையே இருக்காது. அதையும் நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

108 வண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரத்தான். திரும்ப வீட்டில் கொண்டுவிட இல்லை. தனியார் வண்டியில் 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். புறப்படுமுன் வார்டில் கடைசி ஃபீட்டைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள், வழியில் பசிக்குமே என்ற நல்ல மனசில்தான். பத்தாவது வளைவுக்குள் வாந்தி. மல்லாந்து படுத்திருப்பவருக்கு வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குத்தான் போகும். மூன்றாம் நாள் காய்ச்சல். ‘வீட்டுக்குக் கொண்டுபோய் இன்ஃபெக்‌ஷன் ஆக்கிட்டு வந்துட்டீங்க’ என்று அப்போது வார்டில் திட்டும் எங்களுக்குத்தான் விழுகிறது. புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஃபீட்டை நிறுத்த வேண்டும், தலைப்பக்கத்தை 30 டிகிரிக்காவது உயர்த்த வேண்டும், வண்டியில் பேட்டரி சக்‌ஷனோ காலால் மிதிக்கும் சக்‌ஷனோ இருக்க வேண்டும். இதை எழுதவும் தாளில் மூன்று வரிதான் ஆகும்.

மலையில் மின்சாரம் போவது செய்தியே இல்லை. மழைக்காலத்தில் மரம் விழுந்தால் நாகலூர், செம்மநத்தம் பக்கம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிளக்கில் மட்டும் ஓடும் மெஷினை வாங்கச் சொல்வது சமவெளிக்குச் சரி. மார்கழிக் குளிர்க் காற்று மூக்கு வழியாகப் போகாமல் நேரே கழுத்து வழியாகப் போகும்போது, மூக்கு செய்யும் சூடேற்றலும் ஈரமாக்கலும் நடப்பதில்லை. சளி பிசினாகக் கட்டுகிறது. குழாய் வாயில் ஈரக் காஸ் துணியோ, ஈரம் காக்கும் மூடியோ வேண்டும். இதையும் பக்கத்துப் படுக்கைக்காரர்தான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்.

அடுத்தது சாப்பாடு. “2 மணிக்கு ஒரு தடவை 200 மில்லி” என்கிறீர்கள். எதை என்று சொல்வதில்லை. குழாயில் இறங்க வேண்டுமே என்று எல்லா வீட்டிலும் கஞ்சியைத் தண்ணீராகக் காய்ச்சி வடிகட்டுகிறார்கள். 200 மில்லி நீர்த்த கஞ்சியில் இருப்பது 20 கிராம் அரிசி, அதாவது ஏறத்தாழ 70 கலோரி. எட்டு வேளைக்கு 560. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1,500 முதல் 1,800 வேண்டும். புரதம் 70 கிராமுக்கு மேல் வேண்டும். மணி தவறாமல் கொடுத்துக்கொண்டே ஆளைப் பட்டினி போட்டிருக்கிறோம். இரண்டு மாதத்தில் தோள்பட்டை எலும்பு துருத்துகிறது, பின்பக்கச் சதை கரைந்து எலும்பு படுக்கையில் உரசுகிறது, புண் வருகிறது. புண் வந்தால் ‘திருப்பிப் போடலையா?’ என்று மட்டும் கேட்கிறார்கள். என்ன கொடுத்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இதற்கு மருந்துக் கடை டப்பாதான் வழி என்பதில்லை. முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவு எங்கள் ஊரில் எல்லா வீட்டுக்கும் தெரிந்தது. முளைகட்டும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், அதிக மாவு போட்டுக் காய்ச்சினாலும் கஞ்சி கெட்டிப்படாமல் குழாயில் இறங்குகிறது. அதில் பால், நன்றாக வேகவைத்து அரைத்த பருப்பு, வெந்த முட்டை. ஒரு டீஸ்பூன் எண்ணெய் சேர்த்தால் 45 கலோரி கூடும். மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் கணக்கு மாறும். அதற்குத்தானே உங்களிடம் உணவியல் நிபுணர் இருக்கிறார். டிஸ்சார்ஜுக்கு முன் அரை மணி நேரம் அவரை எங்களோடு உட்காரவைக்கக் கூடாதா?

கொடுக்கும் முறையும் உண்டு. 50 மில்லி சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டு, ஒரு அடி உயரத்தில் பிடித்து, தானாக இறங்க விட வேண்டும். தண்டைப் போட்டு அழுத்தக் கூடாது. கொடுத்து முடித்து 30 மில்லி தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி, முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே. மூக்கு நுனியில் குழாய் எத்தனையாவது சென்டிமீட்டரில் நிற்கிறது என்று மார்க்கரில் கோடு போட்டு அந்த எண்ணைத் தாளில் எழுத வேண்டும். கோடு வெளியே வந்திருந்தால் எதையும் ஊற்றக் கூடாது. காற்றை அடித்து வயிற்றில் சத்தம் கேட்பதை மட்டும் நம்ப முடியாது, குழாய் நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு மேல் குழாய் உணவு தேவைப்படும் என்று தெரிந்தால் வயிற்றில் நேராகக் குழாய் வைக்கலாம். அப்படி ஒன்று இருப்பதே எங்களில் பலருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

மாத்திரைகளும் அந்தக் குழாய் வழியாகத்தான். ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்தைக் கஞ்சியோடு சேர்த்துக் கொடுத்தால் உடம்பில் சேர்வது குறைந்துபோகும். ஃபீட்டுக்கும் அதற்கும் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு ஃபீட் என்று நீங்களே எழுதிக்கொடுத்த பட்டியலில் அந்த இடைவெளி எங்கே இருக்கிறது? மருந்தை ஒழுங்காகக் கொடுத்தும் ஃபிட்ஸ் வருகிறதென்று வந்து நிற்கிறவர்களிடம் டோஸைக் கூட்டுவதற்கு முன், இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். அட்டையில் எஸ்.ஆர்., சி.ஆர்., எக்ஸ்.ஆர். என்று போட்ட மாத்திரைகளை இடிக்கக் கூடாது. நாள் முழுக்கக் கசிய வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். தசை இறுக்கத்துக்குத் தரும் பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. சிரப்பாகக் கிடைக்கும் மருந்துக்குச் சிரப்பையே எழுதுங்கள்.

வாய் வழியாக எதுவும் கூடாது என்பதையும் ஏன் என்று சொல்லி எழுதுங்கள். பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வருகிறார்கள். கோயில் தீர்த்தம் ஒரு சொட்டு நாக்கில் விடுகிறேன் என்று கேட்கிற பெரியவரை எந்த மருமகள் தடுப்பாள்? இருமாமல் இருந்தாலே சரியாக விழுங்கிவிட்டார் என்று அர்த்தமில்லை. தலைக்காயத்தில் இருமலே இல்லாமல் நுரையீரலுக்குள் இறங்குவது உண்டு. மருத்துவர் கையெழுத்தோடு ஒரு தாளைச் சுவரில் ஒட்டினால், அந்த மருமகள் அதைக் காட்டித் தப்பித்துக்கொள்வாள்.

இனி, உங்களோடு நாங்கள் மிக வருத்தத்தோடு முரண்படும் இடம். நினைவு.

கோமா என்ற கண் மூடிய நிலை பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரம், போனால் நான்கு வாரம். பிறகு கண் திறக்கும். ‘கண்ணு முழிச்சிட்டாரு’ என்று வீடே அழுது கொண்டாடும். நினைவு வந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை. தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும், ஆனால் தன்னையும் சுற்றத்தையும் அறிந்ததற்கு அடையாளம் இருக்காது. இது ஒரு நிலை. அடையாளம் சிறிதாக, விட்டு விட்டு இருப்பது இன்னொரு நிலை. 2002-இல்தான் அதற்குத் தனி வரையறை எழுதப்பட்டது. வெளிப் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். பின்னால் தேறும் வாய்ப்பு இரண்டாவதில் அதிகம். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், அறிவே இல்லை என்று மருத்துவக் குழுக்கள் ஒருமித்துச் சொன்னவர்களைச் சிஆர்எஸ்-ஆர் என்ற அளவுகோலால் முறையாகச் சோதித்தபோது, 41 சதவீதம் பேருக்கு அறிவின் அடையாளம் இருந்தது. ரவுண்ட்ஸில் கால்மாட்டில் நின்று அரை நிமிடம் பார்த்து “ரிஃப்ளெக்ஸ்தான்மா” என்று சொல்லும்போது, அந்த 41-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சோதனைக்கு ஸ்கேன் வேண்டாம். முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டும். கண் எதையாவது தொடர்கிறதா என்று பார்க்க, விரலையோ டார்ச்சையோ விட அவருடைய முகத்தையே காட்டும் கண்ணாடி நன்றாக வேலை செய்கிறது. ‘கையைப் பிடி’ என்று கேட்கக் கூடாது. உள்ளங்கையில் எது பட்டாலும் மூடும் அனிச்சைச் செயல் உண்டு. ‘கையை விடு’, ‘கட்டை விரலைத் தூக்கு’ என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டுப் பத்து நொடியாவது காத்திருக்க வேண்டும். உட்காரவைத்த பிறகு, காய்ச்சல் இல்லாத நேரத்தில், தூக்க மருந்து கொடுத்து வெகுநேரம் ஆன பிறகு. ஒரு நாள் பார்த்தால் போதாது. இரண்டு வாரத்துக்குள் ஐந்து முறையாவது சோதித்தால்தான் தவறு குறைகிறது. காது எலும்பில் முறிவு இருந்து செவி கேட்காதவரிடம் எத்தனை முறை கேட்டாலும் விரல் தூக்க மாட்டார். அதை முதலில் பாருங்கள். மலைக் கிராமத்துப் பெரியவரிடம் அவர் காது பழகிய பேச்சில், வீட்டு ஆளின் குரலில் கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் நோட்டுப் போட்டு எழுதுகிறோம்: மணி, என்ன கேட்டோம், பத்து தடவையில் எத்தனை தடவை செய்தார், எப்படி உட்கார்ந்திருந்தார். ரெவ்யூவில் அந்த நோட்டை நீட்டினால் யாரும் திறப்பதில்லை. ஒரு நாள் முழுக்க அருகில் இருப்பவர் எழுதியது, உங்களிடம் இல்லாத தகவல் அல்லவா?

இது ஆசையில் சொல்வதில்லை. எங்களில் சிலர் ஆண்டுகள் கழித்தும் விரல்கூட அசையாதவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எல்லாரும் எழுந்து நடப்பார்கள் என்று யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம். அப்படிச் சொல்லி ஊசி விற்கிறவர்கள் வெளியே நிறைய இருக்கிறார்கள், நீங்கள் கைவிட்ட மறுநாளே அவர்கள் கைக்குப் போய்விடுகிறோம். நாங்கள் கேட்பது, ‘இப்போது தெரியாது, இந்த மாதத்தில் இதைப் பார்ப்போம், ஆறாம் மாதத்தில் இதை வைத்து முடிவு சொல்வோம்’ என்ற பேச்சு. அமெரிக்க நரம்பியல் அகாதமி 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், காயம்பட்ட முதல் 28 நாட்களுக்குள் ‘இவர்களுக்கு எதிர்காலமே இல்லை’ என்ற பொருளில் பேசுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. ‘நிரந்தரம்’ என்ற சொல்லையே கைவிட்டு, அடிபட்டு வந்த காயத்துக்கு 12 மாதம் கடந்த பிறகுதான் ‘நாட்பட்டது’ என்று சொல்லச் சொல்கிறது. அடிபட்டு 4 முதல் 16 வாரத்துக்குள் இருந்த 184 பேரில் ஒரு பகுதியினருக்கு அமண்டடின் என்ற மருந்தையும் மற்றவர்களுக்கு வெற்று மருந்தையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-இல் வெளியானது. மருந்து எடுத்தவர்கள் அந்த நான்கு வாரமும் மற்றவர்களைவிட வேகமாகத் தேறினார்கள். எல்லாருக்கும் அது பொருந்தாது, ஃபிட்ஸ் உள்ளவர்களிடம் யோசிக்க வேண்டும். ஆனால் அந்தப் பேச்சே எழாமல், பதற்றத்துக்காக ஐசியூவில் தொடங்கிய தூக்க மருந்தோடு ஆறு மாதம் ஓடிவிடுகிறது. மூளை விழிக்கக் கூடிய மாதங்கள் அவை.

தேறிய பிறகு தெரியவருகிற சிலவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மூளை வீக்கத்துக்காக எடுத்த மண்டையோட்டு எலும்பு எங்கே? வயிற்றுத் தோலுக்கடியில் வைத்திருக்கிறதா, பாதுகாப்பில் இருக்கிறதா, கிருமியால் வீணாகிவிட்டதா? எந்த மாதத்தில் திரும்ப வைப்பீர்கள்? அந்தப் பக்கம் படுக்கக் கூடாது என்று எழுதுங்கள். அந்தக் குழி திடீரென்று புடைத்தாலோ, நன்றாகத் தேறிவந்தவர் மறுபடி தூங்கிக்கொண்டே இருந்தாலோ மூளையில் நீர் கோர்த்திருக்கலாம், இரண்டு வாரம் ரெவ்யூவுக்குக் காத்திருக்கக் கூடாது. மண்டையோட்டின் அடித்தளத்தில் முறிவு இருந்ததா என்பதும் தாளில் வேண்டும். இருந்தவருக்கு மூக்கு வழியாகக் குழாயைக் கண்மூடித்தனமாக விட்டால் அது போகக் கூடாத இடத்துக்குப் போகலாம். நினைவு திரும்பும்போது அடிப்பதும் கத்துவதும் பைத்தியமோ பேயோ அல்ல, தேறுவதில் ஒரு கட்டம். கையைக் கட்டுவதும் பத்துப் பேர் சூழ்ந்து நிற்பதும் அதைக் கூட்டும். இதைச் சொல்லாததால் மந்திரிக்கப் போன குடும்பங்கள் உண்டு.

படுக்கைப் புண் பல நேரம் உங்கள் வார்டிலேயே தொடங்கிவிடுகிறது, சம்மரியில் அதைப் பற்றி மூச்சே இருக்காது. ஏர் பெட் இருந்தாலும் இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்ப வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை ஆகாது. நாளுக்குப் பன்னிரண்டு முறை திருப்பல், எட்டு ஃபீட், சளிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சக்‌ஷன், இரண்டு வேளை கை கால் மடக்கி நீட்டல். ஓர் ஆளால் ஆகாது. 2020-இல் தலைக்காயம் பட்ட ஒரு சிறுமியின் இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமே இரண்டு உதவியாளர்களின் செலவைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. உங்கள் தாளில் ‘தொடர் பராமரிப்புக்கு இரண்டு பேர் தேவை’ என்ற வரி இல்லாவிட்டால், விபத்துத் தீர்ப்பாயத்தில் அதை எதை வைத்துக் கேட்பது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் பட்டியலிட்ட 21 வகைகளில் தலைக்காயம் என்று தனி வகை இல்லை. கை கால் இயக்கம், பேச்சு, அறிவுத்திறன், மனநலம், பலவகை ஊனம் என்று எதில் சேர்ப்பது என்று மேசைக்கு மேசை அனுப்புகிறார்கள். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகைக்கு முதலில் அந்தச் சான்றிதழ் வேண்டும். ஸ்ட்ரெச்சரில் இருப்பவரை மலையிலிருந்து மூன்று முறை இறக்கினால் அந்த 2,000 வண்டி வாடகைக்கே காணாது.

நாங்கள் கேட்பவை இவை.

டிஸ்சார்ஜ் தேதிக்கு மூன்று நாள் முன்பே குடும்பத்தில் இரண்டு பேரை வார்டுக்குள் அனுமதித்து, சக்‌ஷன், ஃபீட், திருப்பிப் போடுவது, குழாய்த் துப்புரவு எல்லாவற்றையும் அவர்கள் கையாலேயே செய்யவையுங்கள். ஐந்து முறை சரியாகச் செய்தார் என்று நர்ஸ் கையெழுத்துப் போட்ட பிறகே அனுப்புங்கள். மலைக்குப் போகிறவரைக் காலையில் அனுப்புங்கள். பனி இறங்கும் மாலையில் வேண்டாம்.

சம்மரியோடு தமிழில் ஒரு தாள் கொடுங்கள். கழுத்துக் குழாயின் வகை, எண், கஃப் ஊத வேண்டுமா, மூக்குக் குழாயின் எண், போட்ட தேதி, மூக்கு நுனியில் எத்தனை சென்டிமீட்டர், சிறுநீர்க் குழாய் லேட்டக்ஸா சிலிக்கானா, எப்போது மாற்ற வேண்டும், எடுத்துவிடவே முடியாதா, ஒரு நாள் உணவின் அளவு கிராமில், மருந்து நேரம், மண்டையோட்டு எலும்பு இருக்குமிடம், புண் இருந்தால் அதன் அளவு, எந்த அறிகுறிக்கு உடனே வர வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம்.

ஏற்காடு வட்டாரத்திலுள்ள அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மூக்குக் குழாயும் சிறுநீர்க் குழாயும் மாற்றப் பயிற்சி பெற்ற செவிலியரும், கஃப் அழுத்தம் பார்க்கும் மீட்டர் ஒன்றும் இருக்கச் செய்யுங்கள். பத்து நிமிட வேலைக்கு இருபது வளைவு இறங்கி ஏறவைக்காதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறைச் சிகிச்சையும் நோய் தணிப்புச் சேவையும் உண்டு. டிஸ்சார்ஜ் ஆகும் தலைக்காய நோயாளியின் பெயரை அன்றைக்கே அந்தப் பட்டியலுக்கு அனுப்புங்கள், நாங்கள் போய் மனு கொடுக்கும் வரை காத்திராமல். பேட்டரி சக்‌ஷன் மெஷின்களை இரவலாகக் கொடுங்கள். கழுத்துக் குழாய் எடுத்ததும் திருப்பித் தருகிறோம், அடுத்த வீட்டுக்குப் போகட்டும்.

ரெவ்யூவில் ஸ்ட்ரெச்சர் நோயாளிகளுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். நேரில் வரத் தேவையில்லாததை வீடியோவில் பாருங்கள். மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களில் சிஆர்எஸ்-ஆர் போட்டு மதிப்பெண்ணை எழுதிக் கொடுங்கள். தூக்க மருந்துகளில் எதைக் குறைக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். முதல் மாதத்தில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஊனச் சான்றிதழ் மதிப்பீட்டைப் படுக்கையில் இருப்பவருக்கு வீட்டிலோ, ரெவ்யூவுக்கு வரும் அதே நாளிலோ முடித்துக் கொடுங்கள்.

இதில் பணம் வேண்டியவற்றுக்கு உத்தரவு வர நாளாகும் என்பது எங்களுக்குத் தெரியும். பணம் வேண்டாத ஒன்றை இன்றே செய்யலாம். வார்டில் இரவும் பகலும் யாராவது ஒருவர் எடுக்கிற ஒரு தொலைபேசி எண். இன்று டிஸ்சார்ஜ் ஆகிறவரின் தாளில், “வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளவும்” என்பதற்குக் கீழே அதை எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தலைக்காயம் பட்டவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பத்தினர்,
சேலம், சேர்வராயன் மலை.